மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்

நோயின் முதல் அறிகுறி ஒரு நாவலைப் படிக்கும்போது தெரிந்தது. என் கணவர் அதை எழுத்தாளரின் திறமை என்று நினைத்தார்.

உலகப் போர்க் காலத்தைப் பற்றிய தடிமனான புத்தகம் அது. கணவன் பர்மா போர்முனையில் இருக்கிறான். மனைவி கடலோரச் சிற்றூர் ஒன்றில் ரேஷன் வரிசையில் நிற்கிறாள், சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுகிறாள், கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். வருகிற கடிதத்தில் பாதி வரிகளை ராணுவத் தணிக்கைக்காரர்கள் மையால் அடித்திருப்பார்கள்.

"எழுதினவன் பெரிய ஆளு, விஜயா. கடுதாசியில மட்டும் இல்ல, கதையிலயும் பாதி வார்த்தைய முழுங்கிட்டான். நாமளேதான் ரொப்பிக்கணும்" என்றார்.

பிறகு ஒருநாள் அதே பக்கத்தை நான் புரட்டிப் பார்த்தேன். எல்லாச் சொற்களும் இருந்தன.

அதே வாரம், தட்டின் இடது ஓரத்தில் வைத்த சூரை மீன் வறுவல் அப்படியே மிஞ்சியது. மீனை மிச்சம் வைக்கிற ஆளே இல்லை அவர். "இன்னிக்கு மீன் இல்லையா?" என்று வேறு கேட்டார். கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தேன். ஸ்கூட்டர் இரண்டு முறை சுவரில் உரசியது, இரண்டு முறையும் இடப்பக்கம்.

"கண்ணாடி மாத்தணும்ங்க. மே மாசம் மெயின்லேண்ட் போறப்ப பாத்துக்கலாம்" என்றேன். அப்போது ஜனவரி.

அந்தமானின் போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பழக்கம். பல்வலி, மூட்டுவலி, மாமியாரின் சர்க்கரை எல்லாவற்றையும் எல்.டி.சி. (அரசு ஊழியருக்கான விடுமுறைப் பயணச் சலுகை) வரும்வரை சேர்த்துவைப்போம். மகளின் பரீட்சை முடிய வேண்டும், சென்னைக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும். நோயும் நம்மோடு வரிசையில் நிற்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

மார்ச்சில் அலுவலகத்திலேயே அவருக்கு வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்த மருத்துவர் படத்தை என் பக்கம் திருப்பாமலே, "யஹா நஹீ ஹோகா, அம்மா. மெயின்லேண்ட் ஜானா படேகா" என்றார். இங்கே முடியாது, மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

சென்னையில் பெயர் சொன்னார்கள்: கிளையோபிளாஸ்டோமா (மூளையில் வேகமாக வளரும் புற்றுக்கட்டி). மூளையின் வலப்புறம் அது இருந்ததால், இரண்டு கண்களிலும் இடப்பக்கப் பார்வை போயிருந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு வாரமா சார்" என்றேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அப்ப நீங்க லேட் பண்ணல. மனச போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் அவர். நல்ல மனிதர். அந்த ஆறுதலை நான் பொய் சொல்லி வாங்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. இதைப் படிக்கும் நீங்கள் தயவுசெய்து மருத்துவரிடம் எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை. ஆறு மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்றார்கள். போர்ட் பிளேரில் எங்கள் வீடு இருக்கும் ஜங்லிகாட்டுக்குத் திரும்பினோம்.

இப்போது மதியங்களில் நான்தான் அந்த நாவலை அவருக்குப் படித்துக்காட்டுகிறேன். நேற்றுக் கேட்டது இன்று அவருக்கு நினைவில்லை. அதனால் தினமும் நான்காம் அத்தியாயம்தான். அந்தப் பெண் தினமும் ரேஷன் வரிசையில் நிற்கிறாள், தினமும் அரிசி தீர்ந்துபோகிறது, அவர் தினமும் புதிதாக வருத்தப்படுகிறார். போர் முடிவதே இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவருக்குப் புரியும்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினாலும் சரி.

போன வாரம் சொன்னேன். புத்தகம் மடியில் இருந்தது. "புத்தகத்துல எல்லா வார்த்தையும் இருந்துச்சுங்க. ஜனவரியிலயே பாத்தேன். மே மாசம் போய்க்கலாம்னு நாந்தான் தள்ளிப்போட்டேன். டாக்டர்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அவர் மிகக் கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பள ஏன் அப்பவே கூட்டிட்டுப் போகல?"

நான் கதை படிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "தெரியலைங்க" என்றேன்.

"பாவம் அந்த ஆளு" என்றார்.

எப்போதும் அவருடைய வலப்பக்க நாற்காலியில்தான் உட்காருவேன். அங்கே இருந்தால்தான் அவருக்கு நான் இருக்கிறேன். அன்று எழுந்து கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் போய் நின்றேன். அங்கே எனக்கு முகம் கிடையாது, உடம்பும் கிடையாது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை.

காலி நாற்காலியைப் பார்த்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லு விஜயா. அவ புருஷன் பொழச்சானா?"