வாசலில் கிடந்த உப்பு

பேய், செய்வினை, கண்ணூறு, இதில் எதையும் நம்பாத ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், நீங்களும் பார்ப்பீர்கள், பாருங்கள், பரவாயில்லை. சண்டை நேரம் சுடலைக்குப் பக்கத்தில் பங்கர் வெட்டி அதற்குள் படுத்து எழும்பினவள் நான், ஆவிக்குப் பயப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை.

2009 கடைசியில் கல்யாணமாகி பாரிசுக்கு வந்தேன். லா ஷப்பலில் ஒரு பழைய கட்டடம், நடுவில் கல் பாவிய முற்றம், அந்த முற்றத்தைப் பார்த்தபடி கீழ்த்தளத்தில் எங்களுடைய ஒற்றை அறையும் சமைக்க ஒரு குசினியும். குளிர் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் குளிர் வீட்டுக்குள் இவ்வளவு வேலை வைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தோய்த்த உடுப்பு மூன்று நாளாகியும் காயாமல் மணக்கும், யன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் சுவரில் இறங்கிக் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிக்கும், கணவர் சப்பாத்தோடு கொண்டுவருகிற பனி கால்மிதியில் உருகி அறை முழுக்கச் சேறாகும். குப்பை வாளியின் மூடி உறைந்துபோய்த் திறக்காது. கூரையிலிருந்து பனிக்கட்டி முற்றத்தில் தொம்மென்று விழும்போது முதல் கிழமை நான் ஒவ்வொரு தடவையும் நிலத்தில் குந்தியிருக்கிறேன், ஷெல் என்று நினைத்து. முற்றத்துப் பனியை அள்ளவோ ஆளே கிடையாது. மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரர் அள்ளட்டும் என்பார்கள், கீழ்வீட்டுக்காரர் யாரென்றால் நாங்கள்.

அந்தக் கட்டடத்தில் எங்களைவிட்டால் தமிழர் ஒருவர்தான். இரண்டாம் மாடியில் தனியாக இருந்த சவரிராயன், பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் லியோனில். தினமும் காலை ஏழரைக்குக் கைத்தடியோடு இறங்கி எங்கள் கதவைத் தாண்டிப் பேக்கரியில் பாண் வாங்கப் போவார். என்னைக் கண்டால் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

“மதாம், இந்தச் செருப்பு குளிருக்கு ஆவாதும்மா. உங்க வீட்டு மொசியே கிட்ட சொல்லி காலை மூடுறாப்ல நல்லதா ஒரு போத் வாங்கிக்கோங்க.”

உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்காது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் செருப்பைப் பார்க்க ஒரு ஆளா என்று எரிச்சல். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன்.

அடுத்து வந்த தைப்பொங்கலுக்குப் பனி கொட்டியிருந்தது. கணவர் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல், பொங்கலன்று கடையில் ஏகப்பட்ட ஓடர், விடிய ஐந்து மணிக்கே இருட்டோடு போய்விட்டார். போகும்போது சொன்னார்.

“இஞ்சாரும், வெளியிலை ஒண்டும் போடவேண்டாம். குசினிக்குள்ளை ஒரு பலகையிலை கோலத்தைப் போட்டுட்டுப் பொங்கும். நான் மத்தியானம் வந்திடுவன்.”

“ஓம், ஓம்,” என்றேன். அப்படித்தான் செய்ய நினைத்தேன்.

குளித்துவிட்டு, குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தால் வாசலில் உப்பு. கல்லுப்பு, கை கையாய் அள்ளி வீசினமாதிரி, என் வாசற்படிக்கு முன்னால் மட்டும். பக்கத்து வாசலில் இல்லை, மாடிப்படியடியில் இல்லை. பனிக்கு உப்புப் போடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது, வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பொங்கல் விடியற்காலையில் ஒரு புதுப்பெண்ணின் வாசலில் மட்டும் உப்பென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்வினை. எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன்தானே, நம்பிக்கை இல்லாதவள் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா. பிறகு கணவரின் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு குறுணி மிச்சமில்லாமல் உப்பையும் பனியையும் கூட்டித் தள்ளி, சிவப்பு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வாசலைக் கழுவினேன். கழுவினதுதான் கழுவினேன், ஊரில்போலத் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டேன். விறைத்த கையோடு உள்ளே வந்தபோது நல்ல காரியம் செய்த சந்தோஷம் வேறு. அதற்குப் பிறகு மெல்லிசாய்ப் பனி தூவிக் கோலத்தை மூடியிருக்கிறது, அதற்கடியில் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது.

ஏழரைக்குப் பால் அடுப்பில். மின்சார அடுப்பு, சூடேறவே யுகமாகும். பாலின் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கின நேரம் வெளியே தொம்மென்று சத்தம். கூரைப்பனி என்று நினைத்தேன். அடுத்தது, “மதாம்” என்று ஒரு குரல், பெரிதாயில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், “மதாம்.”

இனி நான் சொல்லப்போவதை என் கணவருக்குக்கூட வருடக்கணக்காய்ச் சொல்லவில்லை. அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். விழுந்துவிட்டார் என்றும் தெரியும். ஆனால் கல்யாணமாகி முதல் பொங்கல், பால் பொங்குகிற நேரம் அடுப்பைவிட்டு நகரக்கூடாது, பொங்காமல் போனால் வருடம் முழுக்கச் சரியில்லை, வாசலில் வேறு உப்புக் கிடந்திருக்கிறது. நான் நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும், பத்தாகவும் இருக்கலாம். பால் பொங்கி வழிந்து, அரிசியைப் போட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

கோலத்தின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைக் கண்டதும் கோபப்படவில்லை, அவருக்குப் புரியாத ஒன்றைக் கேட்கிறமாதிரி மெல்லக் கேட்டார்.

“நேத்து ராத்திரி உங்க வாசல்ல தாம்மா நிறைய உப்பு போட்டேன். நீங்க செருப்போட அலையிறீங்களேன்னு. எப்பிடி வழுக்குச்சு?”

நான் உள்ளே ஓடிக் கணவருக்குப் போன் அடித்து அவசரசேவையைக் கூப்பிடச் சொன்னேன். அவசரசேவைக்காரர் வந்து தூக்கிப்போனார்கள். இடுப்பெலும்பு முறிவு, பிறகு நெஞ்சில் சளி, இரண்டாவது கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மகள் பெர்நதெத் வீட்டை ஒதுக்க வந்தவள் என் கதவைத் தட்டினாள். ஐம்பது வயதிருக்கும், அப்பாவின் அதே தமிழ். “அப்பா எப்பிடி விழுந்தாருன்னு நீங்க பாத்தீங்களா?” என்றாள். “இல்லை அக்கா, ஸ்நோ வழுக்கினது,” என்றேன், அவளுடைய முகத்தைப் பார்க்காமல். கடிதம் ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லி நம்பரைத் தந்துவிட்டுப் போனாள்.

அடுத்த மார்கழியில் முதல் பனி விழுந்த அன்று காலை நான் தேத்தண்ணீருக்குப் பால் வைத்திருந்தேன். நம்பினால் நம்புங்கள், பால் நுரைக்கத் தொடங்கினபோது வாசலில் “மதாம்” என்று கேட்டது. அடுப்பை அணைக்கக்கூட இல்லை, வெறுங்காலோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஒருவருமில்லை. முற்றம் முழுக்கப் புதுப்பனி, ஒரு காலடி கிடையாது, பூனை நடந்த தடம்கூடக் கிடையாது, என் வாசலில் மட்டும் கல்லுப்பு, இப்போதுதான் போட்டமாதிரி, பனி உருகத் தொடங்கியிருக்கவில்லை. கணவரை எழுப்பிக் காட்டினேன்.

“ஆரும் மேல்வீட்டாக்கள் போட்டிருப்பினம்,” என்றார்.

“நடக்காமலோ வந்து போட்டவை?”

அவர் முற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், பிறகு குளிருது கதவைப் பூட்டும் என்றார். மேல்வீடுகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன், ஒருவரும் போடவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே உப்பு. அதற்குமேல் எனக்கு ஏலாமல் போய்விட்டது. கணவர் வேலைக்குப் போனபிறகு பெர்நதெத்துக்குப் போன் அடித்தேன்.

வாசலில் உப்பைக் கண்டதையும், செய்வினை என்று நினைத்ததையும், கழுவினதையும் சொன்னேன். உங்கள் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று சொல்லி அழுதேன். ஆனால் பாலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அவள் என்னை அழுது முடிக்க விட்டாள். பிறகு சொன்னாள்.

“அந்தப் பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணினாரு. உங்க வாசல்ல வழுக்கி விழுந்த மாதிரி கனவு கண்டேன்னாரு. ‘நான் கீழ கிடந்து கூப்பிடுறேன், அந்தப் பொண்ணு உள்ள பால் பொங்கட்டும்னு நின்னுக்கிட்டு இருக்கு’ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எதுக்கும் இருக்கட்டும்னு தான் போயி உப்பு வாங்கினாரு.”

போனை எப்போது வைத்தேன் என்று தெரியாது. அவர் அந்த உப்பைப் போட்டிருக்காவிட்டால் நான் வாசலைக் கழுவியிருக்கமாட்டேன், குசினிக்குள் பலகையில் கோலத்தைப் போட்டுவிட்டு இருந்திருப்பேன், அவரும் வழக்கம்போலப் பாண் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். விழப்போவதைக் கண்டதால் உப்புப் போட்டாரா, உப்புப் போட்டதால் விழுந்தாரா, இதை என்னிடம் கேட்காதீர்கள், ஐயரிடமும் கேட்டாயிற்று, கணவர் சொல்லிப் பாதிரியாரிடமும் கேட்டாயிற்று. அதற்குப் பிறகு வாசலில் உப்பும் இல்லை, குரலும் இல்லை. இரண்டு வருடத்தில் செவ்ரானுக்கு வீடு மாறிவிட்டோம்.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாதது அந்தக் கனவோ உப்போ இல்லை. கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன் என்று அவர் முதலே கண்டிருக்கிறார். அது தெரிந்தும், அந்தக் குளிரில் விழுந்து கிடந்தபோது, சுற்றிவர இத்தனை கதவுகள் இருக்க, அந்த மனிதர் என்னைத்தான் கூப்பிட்டார். இரண்டு தரம்.