தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சசிகலா

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இளையபெருமாள் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். தங்கை சசிகலாவின் கணவன் லாரி விபத்தில் இறந்தபோது, அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“உள்ள வந்து அண்ணேன்னு கூப்புடாத. எல்லாரையும் மாதிரி சாருன்னு கூப்புடு.”

“சரிங்க சார்” என்று அப்போதே சொல்லிச் சிரித்தாள் சசிகலா.

விடுதிக்குப் பின்னால் இருந்த உரக்குழிகளில் அவளுக்கு வேலை. மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் வேப்பஞ்சருகோடு அடுக்கி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் புரட்டிவிடுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த மாணவர்கள், நாற்றம் அடங்கியதும், நாளடைவில் அந்த வழியாகவே வகுப்புக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அந்த வருடம் நிர்வாகம் பசுமைக் கட்டடச் சான்றுக்கு விண்ணப்பித்தது. குப்பை வளாகத்துக்குள்ளேயே உரமாகிறது என்பதற்குப் படங்களும் விவரங்களும் தயார் செய்வது இளையபெருமாள் பொறுப்பு. குழியில் இறங்குபவர்கள் பூட்ஸும் கையுறையும் அணிந்திருக்க வேண்டும் என்றது சான்று விதி. சசிகலா எத்தனையோ முறை கேட்டும் அவர் வாங்கித் தராத பூட்ஸ் இப்போது வந்து இறங்கியது. அதை மாணவர்களுக்கு மாட்டி, கையில் மண்வெட்டி கொடுத்துப் படம் எடுத்தார். அவர்கள் போனதும் பூட்ஸ் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஆய்வுக்குச் சென்னையிலிருந்து சிந்து என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை இளையபெருமாள் தங்கையிடம், “அவங்க போற வரைக்கும் அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நில்லு. சேல அழுக்கா இருக்கு பாரு” என்றார். அவள் போய் நின்றாள்.

சிந்து ஒரு பிடி உரத்தை அள்ளிப் பார்த்தார். “ரொம்ப நல்லா வந்திருக்கே! யாரு பண்றது?”

“எங்க மாணவர்கள்தான் மேடம். பசுமை மன்றம்.”

சிந்து தலையாட்டிவிட்டுக் குழியைச் சுற்றி வந்தார். தொட்டிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துவிட்டார். “நீங்க இங்கதான் வேலை செய்றீங்களா?”

சசிகலா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, “சும்மா கூட்ட வந்தேங்கம்மா” என்றாள்.

சிந்து திரும்பி, “இவங்க பேரு என்ன சார்?” என்று கேட்டார்.

“கான்ட்ராக்ட் ஆளு மேடம். தினம் யாராவது வருவாங்க, பேரெல்லாம் தெரியாது.”

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் பதிவாளர் நின்றார். இளையபெருமாள் அடுத்த கட்டடத்துக்கு வழிகாட்டி நடந்தார்.

சான்று கிடைத்தது. விழா மேடையில் இளையபெருமாளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த மாதம் பூலாம்பாடியில் சசிகலாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரோடு அவர் பந்தலுக்குள் நுழைந்தபோது, வாசலில் நின்ற சசிகலா கைகூப்பினாள்.

“வாங்க சார். உக்காருங்க.”

சொந்தக்காரர்கள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊசி பட்டுக் குழந்தை வீறிட்டு அழுதபோது, அவரும் குனிந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரே சிந்துவுக்குப் போன் செய்தார்.

“மேடம், அன்னிக்கு நான் சொன்னது பொய். அந்த உரம் போடுறது சசிகலாங்க. என் கூடப்பொறந்த தங்கச்சி. படத்துல இருக்குற புள்ளைங்க யாரும் குழியில எறங்குனதே இல்ல.”

“இத நீங்க எழுதியே அனுப்பணும் சார்” என்றார் சிந்து.

அனுப்பினார். விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் வந்தது. உரம் உண்மையாகவே தயாரானதால் சான்று நிலைத்தது. படங்களை மட்டும் மாற்றச் சொன்னார்கள். பதிவாளர் இளையபெருமாளைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்துவிட்டு, தண்ணீர்ப் பம்பு பிரிவுக்கு மாற்றினார். சசிகலாவுக்கு அவள் கால் அளவில் பூட்ஸ் வந்தது. புதுப் படத்தில் அவள் கேமராவைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் அவளைத் தேடிப் போனார்.

“எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன் சசி.”

“கேள்விப்பட்டேண்ணே. பூட்ஸு வந்தது நல்லதுதான்.” டிபன் பாக்ஸை மூடினாள். “ஆனா அன்னிக்கு அந்தம்மா பேரு கேட்டாங்கல்ல, அப்ப நீ சொல்லுவன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

நல்லது கெட்டதுக்கு இப்போதும் இருவரும் போய் வருகிறார்கள். பம்பு அறைக்குப் போக உரக்குழி வழிதான் குறுக்கு. இளையபெருமாள் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்.