இருபத்தஞ்சு அக்கா போடாத கையெழுத்து

எங்கள் ஆபீஸில் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்போம். சிரிக்காதீர்கள். வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டும். உள்ளே நாலாவது மாடியில் நாங்கள் விரலை ஊதி ஊதி டைப் அடிப்போம். எனக்கு எதிர் சீட்டு டைப்பிஸ்ட் அம்மா, மேசைக்கடியில் ஒரு குட்டி ஹீட்டரை வைத்துக் காலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருப்பார். எட்டு மாடிக் கட்டடம். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் அடிக்கிறதென்று திரையை இழுத்துவிடுவோம். இருட்டாக இருக்கிறதென்று பட்டப்பகலில் லைட்டைப் போடுவோம். இப்படி ஒன்றைக் கட்டியவனைச் சொல்வதா, அதற்குள் இருபது வருடம் வாயை மூடிக்கொண்டு ஃபைல் கட்டிய என்னைச் சொல்வதா தெரியவில்லை.

வாயை மூடாத ஒரே ஆள் கீழே, அடித்தளத்தில் இருந்தாள்.

அங்கேதான் சில்லர் ரூம். எட்டு மாடிக்கும் ஜில்லென்ற தண்ணீரை அனுப்பும் இரண்டு மெஷின்களும் அங்கேதான் ஓடும். அவற்றை ஓட்டும் ஆபரேட்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏசி மெக்கானிக் படிப்பில் அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் டெய்லர் கணவர், பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில் மகள், எதற்கும் பயப்படும் மாமியார். மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து அவளுக்குக் குரல் உரக்கத்தான் வரும். ரகசியம் சொன்னாலும் ரெண்டு மாடிக்குக் கேட்கும்.

காலை பதினோரு மணிக்கு ஒரு தரம், மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தரம், ஒரு தெர்மாமீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எட்டு மாடியும் ஏறுவாள். ஒவ்வொரு மாடியிலும் நடு மேசையில் அதை வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எங்கள் மாடியில் தவறாமல் பதினெட்டு. சில நாள் பதினேழு.

"மனுஷனுக்கு இருபத்தஞ்சு போதும்ண்ணா. பதினெட்டுல வெச்சு ஸ்வெட்டர் போடறதுக்கு, இருபத்தஞ்சுல வெச்சு சட்டையோட இருக்கலாமே. கரன்ட் என்ன ஆகாயத்துலேர்ந்தா கொட்டுது?" என்று என்னிடம் தினமும் கேட்பாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பாள். அப்படித்தான் அவளுக்கு 'இருபத்தஞ்சு அக்கா' என்று பெயர் விழுந்தது. வைத்தவன் நான்தான். கிண்டலுக்கு வைத்தேன்.

அந்த வருடம் மேனேஜருக்குத் திடீரென்று பசுமை மேல் ஆசை வந்தது. ஊரில் இரண்டு கட்டடங்களுக்கு 'பசுமைக் கட்டடம்' என்று பித்தளைப் பலகை கிடைத்துவிட்டது. நமக்கு ஏன் இல்லை என்றார். மறுநாளே வரவேற்பறைச் சுவர் முழுக்க பச்சைப் பசேலென்று புல் முளைத்தது. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் புல்லுக்குப் பகலெல்லாம் நாலு லைட் வேறு. லிஃப்டுக்குள் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். சேமிப்பு அத்தோடு முடிந்தது.

இருபத்தஞ்சு அக்காவோ நிஜமாகவே நம்பிவிட்டாள். அந்த வாரமே எங்கள் மாடிக்கு ஏணியோடு வந்து, ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது தூணில் ஒரு சின்ன வெள்ளை டப்பா உண்டு. அந்த இடத்தில் எவ்வளவு சூடு இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் ஏசி குளிரைக் கூட்டும், குறைக்கும். அந்த டப்பாவுக்கு நேர் கீழே ஜெராக்ஸ் மெஷின். அதன் பின்பக்கத்திலிருந்து அனல் மூச்சு நேராக டப்பாவின் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது.

"அட கடவுளே! மாடியே தீப்பிடிச்சு எரியுதுன்னு இது நினைச்சுக்கிட்டிருக்கு. இது குளிரைக் கூட்டுது, நீங்க ஹீட்டரைப் போடறீங்க. ஹீட்டர் சூட்டைப் பார்த்து இது இன்னும் கூட்டுது. யாரு இந்த மெஷினை இங்க கொண்டாந்து வெச்சது?"

மாடியே திரும்பி என்னைப் பார்த்தது. ஆமாம், நான்தான். ஜன்னலோரம் என் சீட்டுக்குப் பக்கத்தில் அது கடகடவென்று ஓடுகிறது, தலைவலிக்கிறது என்று எட்டு வருடத்துக்கு முன்னால் ஆள் வைத்துத் தூணுக்குத் தள்ளியவன் நான். எட்டு வருடமாக நாலாவது மாடியை நடுங்க வைத்த புண்ணியவான்.

சனிக்கிழமை அவளும் வாட்ச்மேனுமாக மெஷினை அதன் பழைய இடத்துக்கே, என் காதுக்குப் பக்கத்துக்கே, தள்ளிவிட்டார்கள். ஹீட்டரை டைப்பிஸ்ட் அம்மாவிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். மேற்குக் கண்ணாடிக்கு வெளியே, கண்ணாடி துடைக்கிறவர்கள் நிற்கும் மேடையில், செடிகளுக்கு மேல் கட்டும் பச்சை வலையைக் கட்டினாள். அவள் வீட்டுக்காரர் விளிம்பு தைத்து, வளையம் வைத்துக் கொடுத்த வலை. திரையைத் திறந்து வைத்தாலும் கண் கூசவில்லை. பகல் லைட்டுகள் பாதி அணைந்தன. அதற்குப் பிறகு நாளுக்கு அரை டிகிரி என்று எல்லா மாடிக்கும் மெதுவாக ஏற்றிக்கொண்டே போனாள். அடுத்த வாரக் கடைசியில் இரண்டாவது மெஷினைத் தினமும் பாதி நாள் நிறுத்திவிட்டாள்.

எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரி, "என்ன, ஒரு வாரமா ஸ்வெட்டர் கொடியிலேயே தொங்குது?" என்றாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் மேனேஜர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். "என் ரூம்ல இருபத்தஞ்சு டிகிரி! யாரைக் கேட்டு ஏத்தினாங்க?" என்று கத்தினார்.

இருபத்தைந்து என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மாடி முழுக்க வேர்க்க ஆரம்பித்தது. ஒருவர் ஃபைலால் விசிறினார். ஒருவர் காலர் பட்டனைக் கழற்றினார். அரை மணி நேரத்தில் ஒரு புகார்க் கடிதம் தயார். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழாவது கையெழுத்து என்னுடையது. எனக்கு வேர்க்கவே இல்லை. ஜெராக்ஸ் மெஷின் என் காதில் கத்துகிற கோபத்தில் போட்டேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உடனே பதினெட்டு வை," என்றார் மேனேஜர்.

"எழுதிக் குடுங்க சார், வெச்சுடறேன்."

எப்படி எழுதுவார்? பசுமைப் பலகைக்காரர்கள் போட்ட நிபந்தனையே, ஆறு மாதமாக எந்த மாடியும் இருபத்து நாலுக்குக் கீழே போயிருக்கக் கூடாது என்பதுதான். மனுஷனுக்கு இருபத்தைந்து நோட்டில் வேண்டும், அறையில் வேண்டாம். மேனேஜர் உள்ளே போய்விட்டார். அவளும் பதினெட்டு வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னை அழைத்தார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது ஆபீஸ் அறிந்தது. புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, "பழசு ஒரே எண்ணெய்க் கறை. அழகா ஒரு பிரதி எடுத்துடுங்க. இருபத்து நாலு, இருபத்தஞ்சுன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கங்க. ஆறு மாசம்," என்றார். பழைய நோட்டு கீழே அவளிடமே இருந்தது, அதைக் கேட்டு வாங்கவும் இல்லை. தேவைப்படவில்லை என்பது எனக்கும் புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் பேனாவைக் கேட்டார், நானும் கொடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சொல்லக் கூடாது, அழகாகவே வந்திருந்தது.

நோட்டோடு நான் மேனேஜர் அறையில் நின்றபோது அவளும் வந்தாள். மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, பதினோரு பேர் புகார். இன்னொன்று, அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த காகிதம். தேதி மட்டும்தான் போட வேண்டும்.

"புகாரைக் கிழிச்சுப் போட்டுடறேன். உத்தரவை இன்னிக்கே தர்றேன். நீ இந்த நோட்டுல பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

அவள் உத்தரவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆசை எனக்கே தெரிந்தது. பிறகு நோட்டைப் பிரித்தாள். விரலால் ஒவ்வொரு வரியாக நகர்ந்தாள். எனக்கு வியர்த்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

"எழுத்து ரொம்ப அழகா இருக்குண்ணா," என்று என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஞாயித்துக்கிழமையும் எழுதியிருக்கீங்களே. ஆபீஸே பூட்டிக் கிடக்கும். நீங்க எங்க வந்து அளந்தீங்க?"

நான் இருபது வருடக் குமாஸ்தா. கட்டம் காலியாக இருந்தால் கை தானாக நிரப்பிவிடும்.

"இதோ, இந்தப் புதன்கிழமை ரெண்டு பம்ப்பும் கழட்டிப் போட்டிருந்தேன். மெஷினே ஓடலை. புழுக்கம் தாங்காம நீங்க எல்லாரும் மத்தியானமே வீட்டுக்கு ஓடினீங்க. அன்னிக்கும் இருபத்தஞ்சா?"

"யாரு பார்க்கப் போறாங்க?" என்றார் மேனேஜர்.

"நான் பார்த்தேன் சார். மூணு வாரமா நிஜமாவே வந்திருக்கு. இன்னும் அஞ்சு மாசம் விடுங்க, உங்க பலகை நேர்வழியில வரும். இதுல என் கையெழுத்து வராது."

"நல்லா யோசிச்சுக்க. அந்த உத்தரவு மறுபடி மேசைக்கு வராது."

"தெரியும் சார்."

அவள் வீட்டில் அன்றைக்கு மாமியார், "ஒரு கையெழுத்துதானேடி, போட்டா கையா தேஞ்சுடும்?" என்று அழுதிருக்கிறார். டெய்லர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அளவை மாத்தி எழுதினா சட்டை சரியாயிடுமாம்மா? நீ போய்ப் படு," என்றாராம். இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

பசுமைப் பலகைக்காரர்களின் சோதனை அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். பிளாஸ்டிக் புல்லைக் கிள்ளிப் பார்த்தார். எங்கள் மாடிக்கு வந்ததும் மேனேஜர் என் நோட்டை நீட்டி, "ஆபரேட்டர் லீவு. கையெழுத்து மட்டும் பாக்கி," என்றார். அவளை அன்றைக்கு வர வேண்டாமென்று அவரே சொல்லியிருந்தார்.

அந்த நிமிடம் படியில் தடதடவென்று சத்தம். நாலு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டை அதிகாரியின் கையில் வைத்தாள்.

"நான் லீவுல இல்ல சார். இதுதான் இந்தக் கட்டடத்தோட நோட்டு. அஞ்சு மாசத்துக்கு மேல பதினெட்டு. போன மூணு வாரம் ஏறி ஏறி இருபத்தஞ்சுக்கு வந்திருக்கு. ஒரு மெஷின் பாதி நாள் நிக்குது. கீழ வந்து கையால தொட்டுப் பாருங்க."

அதிகாரி கீழே போய் நின்ற மெஷினைத் தொட்டுப் பார்த்தார். மேலே வந்து பச்சை வலையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "இப்போதைக்குப் பலகை இல்லை. இதே மாதிரி இன்னும் அஞ்சு மாசம் ஓட்டுங்க, வர்றேன்," என்று மேனேஜரிடம் சொன்னார். என் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஞாயிற்றுக்கிழமைகூட வேலை பார்க்கறீங்க போல," என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதக் கடைசியோடு அவள் கான்ட்ராக்ட் முடிந்தது, நீட்டிக்கவில்லை. பதினோரு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான். கடைசி நாள் மூன்று மணிக்கு வழக்கம்போல மாடி ஏறி வந்தாள். கழுத்திலிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். அது அவளுடைய சொந்தப் பொருள். பக்கத்தில் ஒரு வெற்று நோட்டு.

"நான் புகார்ல கையெழுத்துப் போட்டவன்மா," என்றேன்.

"தெரியும்ண்ணா. ஏழாவது. இவ்வளவு அழகான எழுத்து இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு இருக்கு? அதை நல்லதுக்கு எழுதுங்க."

இப்போது அவள் துறைமுகத்துப் பக்கம் மீன் கிடங்கில் ஆபரேட்டர். போன வாரம் பார்த்தேன். அங்கே மைனஸ் பதினெட்டாம். "மீனுக்கு வேணும்ண்ணா, வைக்கறேன். ஃபைலுக்கு எதுக்கு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். இன்னும் கான்ட்ராக்ட்தான். அதைக் கேட்டு எனக்குத்தான் உறுத்தியது.

அவள் போன மறு திங்கட்கிழமையே மேனேஜர் ஆட்களை அனுப்பினார். "எல்லாம் பழையபடி இருக்கட்டும். ஜெராக்ஸ் தூணுக்குப் போகட்டும்," என்றார். எழுதிக் கொடுக்காமலே மாடியைக் குளிர வைக்க அது போதும். ஆட்கள் வந்தபோது தூணடியில் இடமில்லை. ஜன்னலோர மேசையைக் காலையிலேயே இழுத்துக்கொண்டுவந்து, வெள்ளை டப்பாவுக்கு நேர் கீழே போட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரிங்க," என்றார் மேனேஜர்.

"எழுதிக் குடுங்க சார், எந்திரிக்கறேன்," என்றேன்.

டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் எரித்துவிடுவதுபோலப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை. புது ஆபரேட்டரும் கையில் காகிதம் இல்லாமல் எதையும் குறைக்க மாட்டேன் என்கிறார். சில்லர் ரூம் சுவரில் யாரோ பெரிதாக '25' என்று பெயின்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

காலை பதினோரு மணிக்கு ஒரு தரம், மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுகிறேன். இருபத்தைந்து. இருபத்து நாலரை. ஒரு நாள் பம்ப் நின்றபோது முப்பத்தொன்று, அதையும் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே என் கையெழுத்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நேராக மட்டும் ஒரு கோடு போட்டுவிடுகிறேன்.