முப்பது மெஷின், ஒரே ஃபோல்டர்

கணினிப் பயிற்சி நிலையத்தின் லேப் அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. பதினொரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். இவ்வளவு நிரந்தரமான தற்காலிகம் உலகத்தில் வேறு கிடையாது.

அவர் ஆட்சி செய்வது ஒரு கிழட்டு சர்வரை. அதற்குள் முப்பது மெய்நிகர் கணினிகள். உடம்பு இல்லாமல், திரையில் மட்டும் கணினியாக நடமாடும் பிறவிகள். ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க் ஒதுக்க சர்வரில் இடமில்லை. அதனால் சர்வரிலேயே ஒரு ஃபோல்டரை வைத்து, முப்பதும் அதிலிருந்தே எழுந்திருக்கும்படி செய்துவிட்டார் அக்கா. படிக்கலாம், எழுத முடியாது. மாணவர்கள் செய்யும் அட்டகாசமெல்லாம் அணைத்ததும் மறைந்துவிடும்; மறுநாள் பச்சைக் குழந்தை. முப்பது குடித்தனத்துக்கு ஒரே சமையலறை. சாவி அக்காவின் இடுப்பில்.

முப்பதில் ஒன்று மேலாளருடையது. அவருக்கு இது பொறுக்கவில்லை.

"ஏம்மா, இங்க நான்தான் தலை. என் மெஷின்ல ஒரு ஃபைலைக்கூட என்னால மாத்த முடியலைன்னா எப்படி?"

"அந்த ஃபோல்டர்ல ஒண்ணை அழிச்சா முப்பதுலயும் அழிஞ்சிரும் சார்."

"எனக்கே பாடமா? உன் நிரந்தர ஆர்டர் என் மேசைலதான் கிடக்கு. எனக்கு முழு அனுமதி குடு. வெள்ளிக்கிழமை தேர்வு நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போடறேன்."

அக்கா ஒரு மணி நேரம் யோசித்தார். ஃபோல்டருக்கு ஒரே ஒரு நகல் எடுத்தார். மேலாளரின் மெஷினை மட்டும் அதற்கு மாற்றி, முழு அனுமதி வழங்கினார். அது நகல் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். மறதி மனித இயல்பு.

வியாழக்கிழமை, தேர்வை முன்னிட்டு மேலாளர் சுத்தம் செய்தார். யாரும் திறந்து பார்க்காத ஃபோல்டர்களாகப் பார்த்து ஒழித்துக்கட்டினார். கணினி எழுந்திருக்கத் தேவையானவையும் அதில் போய்ச் சேர்ந்தன.

வெள்ளி காலை அவருடைய திரை கன்னங்கரேலென்று இருந்தது. வெளிறிப்போய் லேப்புக்கு ஓடினார். இருபத்தொன்பது பேர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுது சார். ஏன், ஓடக் கூடாதா?"

"இல்ல... என்னோடது மட்டும்..."

"என்ன சார் பண்ணீங்க?"

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

அக்கா இன்னொரு நகல் போட்டு அவருடையதையும் எழுப்பினார். மாலையில் ஆர்டர் கைக்கு வந்தது, அறிவுரையோடு: "முழு அனுமதி குடுத்தும் ஒண்ணும் ஆகலை பாத்தியா? சும்மா பயந்தே."

வீட்டில் தையல்காரக் கணவர் கதையைக் கேட்டு, வாயிலிருந்த நூல் தெறிக்கச் சிரித்தார். பிறகு தாளை வாங்கிப் பார்த்தார்.

"மூலைல 'நகல்'னு முத்திரை இருக்கே. அசல் எங்கே?"

"அவர் மேசைலயே இருக்கட்டும்னாரு."

கணவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அக்கா தாளைத் தையல் மெஷின் விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மேலாளருக்கு மேசையைச் சுத்தம் செய்யும் பழக்கம் உண்டா என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.