நிலாக்காரிக்கு ஒரு மொட்டை

திங்கட்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் துக்க வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். மற்ற நாட்களில் 'ஓஹாயோ கொசாய்மாஸ்' என்று முறை தவறாமல் வணக்கம் சொல்பவர்கள் அன்றைக்கு மட்டும் குனிந்த தலை நிமிராமல் கணினியைத் தட்டுவார்கள். ரயில் டிக்கெட் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் இடம் அது. அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது? நான் யோகோஹாமாவுக்கு வந்த புதிது. பிரிவுத் தலைவர் மொரித்தா கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி பக்கத்தில் போய் நின்று, "யார் இறந்துவிட்டார்கள்?" என்று தெரிந்த ஜப்பானிய மொழியில் மெல்லக் கேட்டேன்.

"இன்னும் இல்லை. அநேகமாக வருகிற சனிக்கிழமை," என்றார்.

சனிக்கிழமை மாலையில் ஓடிக்கொண்டிருந்த ஆனிமே என்ற பொம்மைப்படத் தொடர் ஒன்றைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்கு ஒரு மதிய உணவு நேரம் பிடித்தது. பதிவு செய்த கேசட்டுகளை ஒரு பையில் போட்டு, வரிசை மாற்றிப் பார்த்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு என்னிடம் கொடுத்தார். கதை இதுதான். எதிர்காலத்தில் ஒரு நாள் நிலா தன் பாதையை விட்டு விலகத் தொடங்குகிறது. அதை இழுத்துப் பிடித்திருக்கும் இயந்திரத்தை நிலாவிலேயே தங்கி இயக்குபவள் சிஹோ. உதிரிப் பாகம் ஒன்று வாங்கப் பூமிக்கு இறங்கியவள், கடலோர ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் கோத்தாவைக் காதலித்துவிடுகிறாள். இயந்திரத்தின் ஈர்ப்பு அவள் உடம்பிலும் ஏறியிருக்கிறது. அவள் அவனை நோக்கி ஓர் அடி வைத்தால் கடலும் ஓர் அடி ஏறும். கையைப் பிடித்தால் மீன் சந்தை முழுகும். திரும்பிப் போய்த் தனியாளாக நிலாவை இழுத்துப் பிடித்தாலோ அவள் உயிர் தாங்காது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஊர்க்காரர்கள், இந்தக் கல்யாணம் தேவையா என்று பஞ்சாயத்து பேசுகிறார்கள். இதற்காகவா ஒரு பெரிய மனிதர் அழுகிறார் என்று இரண்டாவது கேசட் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் நான் சிரித்ததுதான் தப்பு. தினைப்புனம் காத்த பெண்ணை மடக்கக் கிழவன் வேஷம் போட்டு, அதற்கும் மசியாதவளை யானையை வரவழைத்துப் பயமுறுத்திக் கட்டிக்கொண்ட சாமியின் மலையடிவாரத்தில் பிறந்தவன் நான். காதலுக்கு யானை வரலாம், கடல் வரக் கூடாதா? தொண்ணூறுகளில் திருத்தணியில் எங்கள் தெருவில் வள்ளி கல்யாண நாடகம் போடுவார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரும்பு விவசாயி. "மோட்டார நிறுத்து", "மாட்டப் புடிச்சிக் கட்டு" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியதாக நினைவில்லை. அப்படிப்பட்டவர், சாக்குக்குள் இரண்டு பேர் புகுந்து யானையாக வந்து வள்ளி மயங்கி விழுந்ததும், கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"யோவ், யானைய அப்பால இட்டுகினு போய்யா! பொண்ணு பயந்துகினு கீது இல்ல!"

அதோடு விடவில்லை. ஒரு பன்னீர் சோடாவை வாங்கி மேடைக்கு அனுப்பினார். வள்ளியாக நடித்த மீசை மழித்த ஆளும் கூச்சமில்லாமல் அதைக் குடித்து, ஓர் ஏப்பம் விட்டு, மறுபடி மயங்கினார்.

அந்த ரத்தம்தானே எனக்கும். சிஹோவை என்னாலும் வெறும் கதை என்று விட முடியவில்லை. தூரத்தில் இருக்கும்வரைதான் அவளால் ஊருக்கு நன்மை. நெருங்கினால் எல்லாம் கெட்டுவிடும். அயலூரில் பிழைக்க வந்த நம் கதையும் வேறென்ன? நாம் தூரத்தில் இருப்பதால்தான் ஊரில் மாடி எழும்புகிறது, கிணற்றில் மோட்டார் இறங்குகிறது. ஆசைப்பட்டு ஓர் அடி ஊர்ப் பக்கம் வைத்தால் எல்லாரும் பதறிப்போய், "இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாயேன்" என்கிறார்கள். சிஹோவாவது அவனோடு வாழட்டும் என்று மனசாரத் தோன்றியது. கடைசிப் பகுதி வருவதற்கு முன், தணிகை முருகா, இந்தப் பெண் பிழைத்தால் உனக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கையெடுத்துக் கும்பிட்டே வேண்டிக்கொண்டேன்.

பிழைத்துவிட்டாள். கடல் ஏறட்டும் என்று ஊர்க்காரர்கள் வீடுகளைப் படகுகளில் கட்டிக்கொண்டார்கள். நிலாவை இழுத்துப் பிடிக்கும் வேலையை, ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது போல, ஆளுக்கொரு முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போக எனக்கு விடுமுறை கிடைக்கும் வழியில்லை. முடியை இங்கேயே இறக்கலாமா என்று கேட்க நைனாவுக்கு போன் செய்தேன்.

"யாருக்கு இன்னான்னு நேந்துகின?"

"தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு நைனா. உசுரு பொழச்சிக்கிச்சி."

அப்போது பொதட்டூர்பேட்டையில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ கீற ஊர்ப் பொண்ணா?"

"ஆங்," என்றேன். அவள் ஊர் நிலா என்று சொல்ல வாய் வரவில்லை.

"முடி மலையிலதான் சேரணும். கண்ட எடத்துல போடாத," என்று போனை வைத்துவிட்டார். பேச்சுவார்த்தை இத்தோடு முடிந்தது, இனி அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்று நினைத்தேன். ஆனாலும் சாமி குத்தம் பொல்லாதது. சனிக்கிழமை முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மொட்டை என்றதும் கடைக்காரர் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, எனக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்.

காரணம் திங்கட்கிழமை தெரிந்தது. ஜப்பானில் பெரிய தவறு செய்தவன்தான் மன்னிப்புக் கேட்டுத் தலையை மழித்துக்கொள்வானாம். என்னைப் பார்த்ததும் மொரித்தாவின் முகம் வெளுத்தது. "என்ன செய்தாய்? எந்த நிலையத்து இயந்திரம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கு யாராவது மழிப்பார்களா? நான் எழுதிய நிரல் முழுவதையும் பிரித்துப் போட்டு, மொத்தப் பிரிவும் அன்று பொழுது சாயும்வரை தவறைத் தேடியது. நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு பயந்தார்கள். கடைசியில் தாங்க முடியாமல், இது எங்கள் ஊர்ச் சாமிக்குக் கொடுத்தது, சிஹோ பிழைக்க வேண்டும் என்று வேண்டியிருந்தேன் என்று சொன்னேன். மொரித்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்படியானால் அது உன்னால்தான்," என்று சொல்லி இடுப்பு வரை குனிந்து நன்றி தெரிவித்தார். மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்தும் இரண்டு பெண்கள் இனிப்புப் பெட்டியோடு வந்து என் தலையை வணங்கிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா போனில் கூப்பிட்டாள்.

"உங்க நைனா மலைக்குப் போயி மொட்ட போட்டுகினு வந்து குந்திகினு கீறாருடா. கேட்டா, உனுக்காவக் குடுத்தேன்றாரு. இன்னாடா நடக்குது அங்க?"

நைனாவின் முடி சாதாரண முடியில்லை. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட எனக்குத்தான் மொட்டை போட்டாரே தவிரத் தன் தலையில் கை வைக்க விட்டதில்லை. அவரே போனை வாங்கினார்.

"வேண்டுதல முடிச்சாச்சி. அந்தப் பொண்ணு இன்னா சாப்புடும்? மலப் படி ஏறுமா?"

கண்ணால் பார்க்காத, தன் திட்டத்தையெல்லாம் கெடுக்க வந்த ஒரு பெண்ணுக்காக இந்த மனிதர் முடியைக் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சோறு வேறு யோசிக்கிறார். இவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"நைனா, அது நெசப் பொண்ணு இல்ல. டீவியில வர்ற பொம்மப் படம்."

திட்டுக்குத் தயாராக ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"பொம்மையா?"

"ஆங், நைனா."

"பொழச்சிக்கிச்சா, இல்லியா?"

"பொழச்சிக்கிச்சி."

"அப்பறம் இன்னா?" நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "அதுக்கு இன்னா கஷ்டம் வந்துச்சி? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். நைனாவும் நானும் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் முறை. அந்த சைக்கிள் கடைக்காரன் குடிப்பானா என்று கேட்டார். கடல் வீட்டுக்குள் வந்தபோது மாடுகளை எங்கே கட்டினார்கள் என்று கேட்டார். படத்தில் மாடுகளே இல்லை. மேட்டில் கட்டினார்கள் என்றேன். ஊரே நிலாவை முறை வைத்துப் பிடித்த இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"இங்க இன்னும் வெயிலு தாழல," என்றார் பிறகு. "அங்க நிலா வந்துட்ச்சா?"

அடுக்குமாடிகளுக்கு மேலே முழுசாக ஏறியிருந்தது. "வந்துட்ச்சி நைனா."

"அங்கேர்ந்துதான இங்க வரணும். நீயே வெச்சிகினு இருக்காத, அனுப்பி வெய்யி."

அனுப்புகிறேன் என்றேன். மழித்த தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, அது மேற்கே சாயத் தொடங்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.