பெண்கள் பக்கத்து வெக்கை

கல்முனையில் சூடு போடும் ஏசி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நான் முகாமையாளராக இருக்கும் கல்யாண மண்டபத்தின் சொந்தக்கார ஹாஜியார், "இருந்துட்டுப் போகட்டுமே. பொத்துவில்ல இருந்து மட்டக்களப்பு வரைக்கும் வேற ஆருட்டயும் இல்ல" என்றார். வெளிநாட்டில் ஏதோ ஒரு கட்டிடத்தை உடைத்தபோது அவருடைய மச்சான் வாங்கி அனுப்பிய இயந்திரம் அது. குளிரும் தரும், சூடும் தரும். எது வேண்டுமென்று தானே தீர்மானித்து மாறிக்கொள்ளும். என் வீட்டில் அப்படியொரு அதிகாரம் எனக்கே இல்லை.

அதைப் பொருத்தியவர் பாலமுனைக்காரர். கட்டாரில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, இனியாவது பிள்ளைகளோடு இருப்போம் என்று வந்திருந்தார். கடைசி மகள் அவரை வாப்பா என்று கூப்பிடவே மூன்று மாதம் பிடித்ததாம். ஊரில் இதுதான் முதல் பெரிய வேலை. சரியாக ஓடினால் மேல் மாடி வேலையும் அவருக்கே என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். "சரிவராட்டித் திரும்பக் கட்டார்தான் சேர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அது சிரிப்பதற்கான விசயமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசி நாள், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், வெளியில மெஷின் ஒண்டுதான். உள்ளுக்கு ஆம்புள பக்கம் நாலு, பொம்புள பக்கம் நாலு. எட்டும் ஒரே நேரத்தில ஒரே வேலதான் செய்யும். ஒண்டில் குளிர், இல்லாட்டிச் சூடு. எந்தப் பக்கத்தப் பாத்து மாறச் சொல்லுவம்?"

கையேட்டை நான் முதல் நாளே படித்திருந்தேன். நாவல் படிப்பது போலத்தான் படித்தேன், விவரணையெல்லாம் தாண்டித் தாண்டி. 'பிரதான அறையைத் தெரிவு செய்க' என்ற வரி மட்டும் மனதில் நின்றது.

"ஆம்புள பக்கம்தான். அதுதானே மெயின் ஹோல்?"

"பொம்புள பக்கம் வெச்சா நல்லம் போல..."

"புத்தகத்தில கிடக்கு தம்பி" என்றேன். படித்தவன் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று அவரை யாரோ வளர்த்திருக்கிறார்கள். இருபத்தாறு பாகைக்கு வைத்தார். ஒரு பாகை கூடினால் குளிர், ஒரு பாகை குறைந்தால் சூடு.

மாரி மழை தொடங்கியது. முதல் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் வெந்துபோனதாகப் புகார் வந்தது. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே வெக்கையா? ஆண்கள் கூடி ஆராய்ந்து, பட்டுச் சாரியும் நகையும்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தோம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் இல்லை. மறுநாள் பாலமுனைக்காரர் வந்து, கதவுகளைச் சாத்தி வெறும் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது கல்யாணத்திலும் அதே கதை. இந்த முறை ஹாஜியாருடைய தங்கச்சிக்கே தலைச்சுற்று.

"கட்டார்ல என்னத்தப் படிச்சான் இவன்? வெள்ளிக்கிழமக் கல்யாணத்திலயும் இப்பிடி எண்டா கழட்டிக்கொண்டு போகச் சொல்லுங்க. இவனக் கூப்பிடாதீங்க எண்டு ஊருக்கெல்லாம் நானே சொல்லுவன்" என்றார் ஹாஜியார்.

வெள்ளிக்கிழமை மணமகள் என் மனைவியின் சொந்தம். பெண்கள் பக்கத்தை மறைக்கும் திரைக்கு அந்தப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றி மனைவியின் கைப்பைக்குள் போட்டு அனுப்பினேன். பாலமுனைக்காரரும் நானும் ஆண்கள் பக்கத்தில், பெட்டிக்கு முன்னால் நின்றோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஆண்கள் சஹன் என்ற பெரிய தட்டுக்கு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்து, அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்கள். பெண்கள் அப்படியா? சாப்பிட்டு, மாப்பிள்ளை உள்ளே வந்து தாலி கட்டிப் போகும் வரை இருப்பார்கள்.

போன் அடித்தது.

"இருபத்தொம்பது."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும்.

"முப்பது! இஞ்சேருங்க, மேல இருந்து அனல் மாதிரி வருது. பொண்ணுட பவுடர் கழுத்து வரைக்கும் ஓடிட்டு. நீங்க ரெண்டு பேரும் அங்க என்னதான் செய்யிறீங்க?"

உண்மையைச் சொன்னால், நான் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

பாலமுனைக்காரர் காலிக் கதிரைகளைப் பார்த்தார். திறந்து கிடந்த நாலு கதவையும், அதற்குள் வந்த சாரலையும் பார்த்தார். பெட்டியில் இருபத்து நாலு என்று இருந்தது, பக்கத்தில் சூட்டுக்கான குறி.

"சேர், ஆம்புளையள் போயிட்டாங்க. கதவால மழக்குளிர் வருது. இவன் இஞ்ச மட்டும் பாத்துட்டு, குளிருது எண்டு சூட்டுக்கு மாறிட்டான். அங்க இருநூறு பொம்புளையள் வேகுறாங்க."

'நீங்க சொல்லித்தானே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடத்தில் அதிகாரத்தைப் பெண்கள் பக்கம் மாற்றினார். பத்து நிமிடத்தில் போன்: "அல்ஹம்துலில்லாஹ், காத்து வருது. இத முதலே செய்யேலாதா?"

அப்போதுதான் ஹாஜியார் வந்தார், முகத்தைத் தூக்கிக்கொண்டு. "என்ன பிழை?"

"செட்டிங் பிழை ஹாஜியார். மாத்திட்டன்" என்றார் பாலமுனைக்காரர், நிலத்தைப் பார்த்து.

"ஆரு வெச்ச செட்டிங்?"

அவர் பெட்டியின் மூடியைத் திருகத் தொடங்கினார். நானும் பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும். மனிதர் அடுத்த மாதம் விமானம் ஏறுவார். நான் வாசித்த புத்தகங்களில் இந்த இடத்தில் யாராவது நெஞ்சை நிமிர்த்துவார்கள். நான் சால்வையைத்தான் மடித்தேன்.

"நான்தான் ஹாஜியார். அவர் பொம்புள பக்கம்தான் வைக்கச் சொன்ன. நான் கேக்கல்ல."

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச மனிசன்!" என்றார். அதைவிட ஏசியிருக்கலாம். பிறகு பாலமுனைக்காரர் பக்கம் திரும்பி, "தம்பி, மேல் மாடி வேலய எப்ப தொடங்குற?" என்று கேட்டார். ஹாஜியார் மன்னிப்புக் கேட்பதென்றால் அப்படித்தான்.

"சேர் லீவில நிக்கிற நாளாப் பாத்துச் சொல்லுங்க ஹாஜியார்."

அடுத்த கிழமை எனக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. நான் கேட்கவே இல்லை.