முழுகக் கூடாத ஏரி

வெயில் காலத்துக்குக் கல்கத்தா ஆபீசையே டார்ஜிலிங்குக்குத் தூக்கி வந்துவிட்டார் துரை. இன்று என் அப்பாவின் திவசம். புரோகிதருக்கு இங்கே எங்கே போவது? காட்டுக்குள் ஒரு புண்ணிய ஏரி உண்டு, குழந்தைகூட நடந்துவிடும் என்றார் ஆபீசு வங்காளி. அதில் முழுகி எள்ளும் தண்ணீருமாவது விடலாமென்று வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரமாக ஏறுகிறேன். எந்தக் குழந்தை நடந்ததோ!

ஏரி கோயில் குளத்தைவிடச் சிறியது. சட்டையைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுகிறேன்.

"பாபு, காலை எடுங்க!" ஆடு மேய்க்கும் மலைக்காரப் பெண் இந்துஸ்தானியில் கத்திக்கொண்டு ஓடி வருகிறாள்.

"புண்ணியத் தண்ணின்னாங்களே, அக்கா?"

"அதனாலதான் யாரும் இறங்கறதில்ல. சாமியைக் காலால தொடுவீங்களா?"

"எங்க ஊர்ல புண்ணியத் தண்ணின்னா முழுகத்தான்!"

"அப்ப அது ரொம்ப அழுக்கா இருக்குமே" என்று சிரிக்கிறாள்.

கல்கத்தாவில் நான் தினமும் முழுகும் கங்கையை நினைத்துக்கொள்கிறேன். எரிச்சலாக வருகிறது. எள்ளுப் பொட்டலத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

"யாருக்காக?"

"அப்பாவுக்கு."

அவள் சிரிப்பை நிறுத்துகிறாள். "ஏரி வழிஞ்சு கீழே ஓடையா ஓடுது. அது மனுஷங்களுக்கு."

ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொள்கிறேன். பல் கிட்டுகிறது. அப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளை விடுகிறேன். மேலே அவள் கோலைக் குறுக்கே நீட்டி, தாகத்தில் முண்டும் ஆடுகளைத் தடுத்து நிற்கிறாள். நான் கரையேறிய பிறகுதான் தண்ணீரில் விடுகிறாள்.